அது வெடி மீன் இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊட்டிக் கடையில் கூட்டம் நெரிகிற நேரம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தூண்டில்காரர் ஈரச் சாக்கில் சுற்றிய மீன் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அணையில் பிடித்தாராம். என்ன மீன் என்று தெரியவில்லையாம். முதுகில் ஒரு வரிசைச் செதில், வாலடியில் நாலைந்து, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் மொழுமொழு. என் கடை ஆட்கள் போனில் படம் எடுத்து அதனிடமே கேட்டார்கள். போன் மூன்று முறை மூன்று பெயர் சொன்னது. ஒரு முறை அது மீனே இல்லை என்றது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிகூடப் போடவில்லை.

"கண்ணாடிக் கெண்டைங்க. வாயில பல்லு இருக்காது, தொண்டையில இருக்கும். விரலை உட்டுப் பாருங்க" என்றேன்.

விட்டுப் பார்த்தார். இருந்தது. "எங்கேம்மா படிச்சீங்க?" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மஞ்சூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் எனக்கென்ன?

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு ஆளுக்கு நாலு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் வரியைப் பற்றியும் பிளாஸ்டிக் தடையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இந்த மீனைப் பற்றி எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள். ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, கோத்தகிரியில் ஒன்று என்று மூன்று மீன் கடை வைத்திருக்கிறேன். என் இரண்டு வண்டிகள் தினமும் விடிவதற்குள் மலையேறி வந்துவிடும். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேர் பட்டதாரிகள். ஆனால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாளானது என்று சொல்ல இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதைப் பெருமை என்று சொன்னால், ஆமாம், பெருமைதான். எழுபதை எட்டும் நம்மைப் போன்றவர்கள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

எனக்கு அப்போது ஒன்பது வயது. மஞ்சூருக்குக் கீழே மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு காண்டிராக்டர் கம்பெனியின் முகாமில் இருந்தோம். வரிசையாகத் தகர வீடுகள், அதை லைன் என்போம். எங்கள் லைனில் இருபது வீடு. ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டிலிருந்து வாழ்த்துச் சொல்வார்கள். காலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்பில் கற்பூர மர விறகு. அந்தப் புகையில் கண் எரியும், சளி இளகும், இரண்டும் ஒன்றாக நடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை சங்கு ஊதும். சங்கு ஊதினால் அம்மா ஓடிப்போய்ப் பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வாள். பிறகு மலைக்குள்ளே வெடி. தரை ஒரு முறை மேலே எழும்பி உட்காரும். கூரைத் தகரத்திலிருந்து துரு பொடியாக உதிர்ந்து சோற்றில் விழும்.

அப்பாவுக்கு வெடிமருந்துக் கிடங்கிலிருந்து சுரங்க வாய்வரை தோட்டாப் பெட்டி சுமக்கும் வேலை. தோட்டா என்றால் துப்பாக்கிக் குண்டு இல்லை. பாறை உடைக்கிற வெடிக்குச்சி. நீளமான மெழுகுவர்த்தி மாதிரி காகிதம் சுற்றியிருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவர் என்பதால் அப்பா பீடிகூடப் பிடிக்கமாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். பவானி ஆற்றங்கரையில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு அணைத் தண்ணீர்ப் பக்கம் போய்விடுவார். அந்தத் தூண்டில் இன்று எங்கே போனதோ. மூங்கில் கழி, முள்ளம்பன்றி முள்ளில் மிதவை, காப்பித்தூள் டப்பாவில் கேழ்வரகு மாவு உருண்டை. அந்த மிதவையை மட்டுமாவது நான் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். மூன்று கடை வைக்கத் தெரிந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

அம்மா மீனைத் தொடமாட்டாள். அவள் பிறந்த வீட்டில் மீன் வாடையே கிடையாது. எங்களுக்காகச் சட்டியில் குழம்பு கூட்டித் தருவாள், மீன் துண்டை நான்தான் போட வேண்டும். அதனால் ஏழு வயதிலேயே மீன் வெட்டுவது என் வேலை ஆயிற்று. இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு ஒன்று தேய்ந்துபோனதை அப்பா பட்டறையில் தீட்டிக் கத்தியாக்கித் தந்தார். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அதில் நான் வெட்டுகிற அழகைப் பார்த்துவிட்டு லைனில் எல்லாரும் தங்கள் மீனையும் என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கூலி, மீன் தலை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சுரங்க வேலைக்காரர்கள் மீன் பிடிக்கத் தூண்டில் எதற்கு? யாராவது ஒரு தோட்டாவை மடியில் செருகிக்கொண்டு வந்து தண்ணீரில் போடுவார்கள். டும் என்று ஒரு சத்தம், மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். கூடையில் அள்ள வேண்டியதுதான். கம்பெனியில் அதற்குக் கடுமையான தடை. பிடிபட்டால் வேலை போகும், மஞ்சூரிலிருந்து போலீசும் வரும். தடை இருந்தது, மீனும் வந்துகொண்டிருந்தது. அப்படி வருகிற மீனை வெடி மீன் என்போம். அதன் செதில் அங்கங்கே தெறித்துப் போயிருக்கும். எனவே எங்கள் முகாமில் பச்சைக் குழந்தைக்கும் ஒரு பாடம் தெரியும்: செதில் இல்லாத மீன் வெடி மீன். வேறு எந்த ஊரில் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்பாவோடு போயிருந்தேன். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. முதலில் விரல் நீளத்தில் ஒரு கெண்டை மாட்டியது. அதைக் கரையில் புல்லில் சுற்றி வைத்தேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அட்டை என் கணுக்காலில் ஏறியிருப்பதைக்கூடப் பார்க்காமல் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லச் சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு யாரோ கீழிருந்து உறிஞ்சின மாதிரி உள்ளே போயிற்று.

கழி வில்லாக வளைந்தது. அப்பா தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டார். இழுக்கவில்லை, விட்டுக்கொடுத்துக்கொண்டே நடந்தார். என் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. "அம்மிணி, சாக்கு! சாக்கைக் கொண்டா!" சாக்கை விரித்து இரண்டு பேருமாக அள்ளிக் கரையில் போட்டோம். என் கையைவிட நீளம். மங்கின பித்தளை நிறம். வாய் ஓரத்தில் சின்ன மீசை. அப்பா சாக்கை விலக்கியவர், அப்படியே கையை எடுத்துக்கொண்டார்.

"இதென்ன கண்ணு, ஆரோ பாதி உரிச்சுப்போட்டுத் தண்ணியில உட்ட மாதிரி இருக்குது?"

முதுகில் ஒரு வரிசை, பழைய எட்டணா அளவில் பெரிய பெரிய செதில்கள். வாலடியில் சில. மிச்சமெல்லாம் வெறும் தோல். நான் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் தடவின செருப்புத் தோல் மாதிரி வழுவழு. எனக்குப் பயம் வரவில்லை. எத்தனையோ மீன் பார்த்த கை இது. இதை இன்னும் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றிற்று.

லைனுக்குள் நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் வாழ்நாளில் பார்க்காத வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் அன்று எங்கள் வாசலில் பிறந்தார்கள். எதிர் வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, குஷ்டம் புடிச்ச மீனுங்க. ஊட்டுக்குள்ள கொண்டுபோயிராதீங்க" என்றாள். முகாம் கம்பவுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, "ரத்த சோகை. சத்து மாத்திரை குடுத்தா செதில் வந்துரும்" என்றார். அந்த மனிதர் எல்லா நோய்க்கும் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார். பக்கத்து வீட்டு மாமா, "ஏனுங்க, பாதி சவரத்துல எந்திரிச்சு ஓடியாந்திருச்சாட்ட இருக்குது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஓவர்சியர் வந்துகொண்டிருந்தார்.

ஓவர்சியர் என்றால் சுரங்க வேலைக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் மேற்பார்வை. கிடங்குச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். மீனை ஒரு முறை பார்த்தார். அப்பாவை ஒரு முறை பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் கிடங்குல ரெண்டு தோட்டா குறைஞ்சிருக்கு. எங்க போச்சுன்னு ராத்திரி முழுக்க நான் தூங்கலை. இங்கதான் இருக்கு."

"தூண்டில்ல புடிச்சதுங்க சார்" என்றார் அப்பா.

"தூண்டில்ல மாட்டினா செதில் எங்கய்யா போச்சு? கழட்டி வச்சுட்டு வந்து மாட்டிக்கிச்சா? பெட்டி சுமக்கிறவன் நீ. உனக்குத்தானே வசதி?"

"நானும் கூட இருந்தனுங்க, பார்த்தனுங்க" என்று நான் கத்தினேன்.

"மக சொன்னா கோர்ட்டுல எடுத்துக்குவாங்களா?" என்று அவர் மீனைத் தூக்கி ஒரு கம்பியில் கோத்து, அப்பாவை முன்னால் நடக்கவிட்டு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிரித்தவர்கள் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவரவர் வீட்டுச் சட்டியில் கிடக்கும் மீனைப் பற்றியும் பேச்சு வருமே.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா அழவில்லை. கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாக்கில் போட்டாள். "என்னம்மா பண்றே?" என்றேன். "பொழுது சாயறதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க அம்மிணி. அவிய வந்து சொல்றவரைக்கும் உக்காந்திருக்கோணுமா?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கத்தியை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன். புல்லில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சின்னக் கெண்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அலுவலகம் என்பது மேட்டில் ஒரு பலகைக் கட்டடம். ஜன்னல் ஓரம் மேனேஜர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மதராஸ்காரர், வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். மேசைமேல் ஒரு காகிதம். பக்கத்தில் மை தடவின பலகை. அப்பாவின் இடது கட்டைவிரல் ஏற்கெனவே ஊதா நிறமாக இருந்தது.

"ரேகையை வச்சுட்டுப் போ. வேலை மட்டும்தான் போகும். வைக்கலைன்னா போலீஸ் ஜீப்" என்று ஓவர்சியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாம் வகுப்பில் பாதி படித்தவள். எழுத்துக் கூட்டத் தெரியும். மேசை என் நெஞ்சுயரம் இருந்தது. 'தோட்டா இரண்டு திருடி' என்பதுவரை படித்தேன். "அப்பா, வெக்காதீங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மை என் கையெல்லாம் ஆயிற்று.

"ஏய் புள்ளை, வெளிய போ!"

"அது வெடி மீனு இல்லீங்க" என்றேன். ஓவர்சியரிடம் சொல்லவில்லை, மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்டதாக நினைக்கும் பல விஷயங்கள் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தன. முடிவு எடுக்கிறவர் யாரோ அவரிடம்தான் பேச வேண்டும்.

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்படிம்மா சொல்றே?"

சின்னக் கெண்டையை மேசைமேல் வைத்து, நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்தேன். "பாருங்க சாமி. செதில் இருந்த எடத்துல பை மாதிரி ஒரு குழி இருக்குதுங்களா? ஓரத்துல தோலு கிழிஞ்சிருக்குதுங்களா? இப்ப பெரிய மீனுல தடவிப் பாருங்க. குழியே இல்லீங்க. அந்த எடத்துல செதில் எப்பவுமே இல்லீங்க. அது பொறந்ததே அப்பிடித்தானுங்க."

அவர் எழுந்து வந்து கம்பியோடு சுவரில் தொங்கிய பெரிய மீனைத் தடவினார். சின்ன மீனையும் தடவினார்.  வாசலில் இதற்குள் லைனே வந்து நின்றது.

"சார், இது என்ன விளையாட்டு? அப்படி ஒரு மீன் உலகத்துல உண்டா?" என்றார் ஓவர்சியர். "உண்டுன்னா பேர் சொல்லச் சொல்லுங்க!"

பெயர் எனக்குத் தெரியாது.  பெயர் தெரியாவிட்டால் என்ன, வயிறு தெரியுமே என்று தோன்றியது.

"வெட்டிப் பார்க்கோணுங்க" என்றேன். "தோட்டா போட்டா மீனுக்குள்ள இருக்கற காத்துப்பை வெடிச்சுக் கந்தலா போயிருமுங்க. வயிறெல்லாம் ரத்தமா கெடக்கும். இதுல பை முழுசா இருந்துச்சுன்னா எங்கப்பா திருடலீங்க."

"சாட்சியை வெட்டறதா?" என்றார் ஓவர்சியர்.

"முழுசா இல்லைன்னா?" என்றார் மேனேஜர்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் ஊதா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முழுசா இல்லீன்னா நீங்க எழுதுனபடியே ஆகட்டுங்க" என்று நான் சொன்னேன். ஒன்பது வயதில் என் அப்பாவைப் பந்தயத்தில் வைத்தேன்.

வாசற்படியில் பலகை போட்டார்கள். ஒரு வாளித் தண்ணீர் வந்தது. மீன் வெட்டாதவர்களுக்குச் சொல்கிறேன்: காற்றுப்பை முதுகெலும்பை ஒட்டி மேலே இருக்கும். குடலையெல்லாம் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். தோல் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. கத்தி முனை பட்டால் போதும், புஸ். என் கத்தி பட்டு ஓட்டை விழுந்தாலும் அது வெடியால் விழுந்த ஓட்டைதான் என்று சொல்லிவிடுவார்கள். அன்று அந்த மீனுக்குள் இருந்தது என் அப்பாவின் வேலை, எங்கள் வீடு, அம்மா மடித்து வைத்த கம்பளி எல்லாம்.

கழிவுத் துளையில் முனையைச் செருகினேன். கத்தியின் வாயை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிக்கொண்டேன். இடது கை விரலை உள்ளே விட்டு வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்து, விரலுக்கு முன்னால் கத்தியை ஓட்டினேன். கை குளிரில் மரத்திருந்தது. பித்தப்பை படாமல் குடலை ஒதுக்கினேன். ரத்தம் இல்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் முதுகெலும்பின் ஓரமாக வழித்துக்கொண்டே போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். கண் இருந்தால் கை அவசரப்படும்.

வந்தது. வெள்ளையாக, பளபளவென்று, இரண்டு பலூனை இடுப்பில் நூலால் கட்டின மாதிரி. முழுசு. வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. விரலால் அமுக்கிவிட்டேன். மேலே வந்தது.

வாசலில் யாரோ கைதட்டினார்கள். மேனேஜர் வாளிக்கு மேல் குனிந்து தானும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் மேலே வந்தது. அவர் முகத்தில் அந்த நேரத்தில் ஒரு சின்னப் பையனின் சிரிப்பு இருந்தது.

அப்போதுதான் ஓவர்சியர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அது சரி. வெடி மீன் வயிறு கந்தலா இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வெடி மீன் வெட்டியிருக்கே? யார் யார் வீட்டு மீன்? இப்ப சொல்லு. சார் முன்னால சொல்லு!"

 நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். குஷ்டம் என்றவள், சவரம் என்றவர், கம்பவுண்டர், இருபது வீடும் அங்கே நின்றது. எல்லார் வீட்டு மீனையும் வெட்டியவள் நான். எல்லார் கண்ணும் என் வாயில். ஒரு பெயர் சொன்னால் ஒரு குடும்பம் மலையிறங்க வேண்டும். ஒருவரையும் தெரியாது என்றால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

"உங்க ஊட்டு மீனுதானுங்க" என்றேன்.

"என்ன?"

"போன வாரம் உங்க ஊட்டுல விருந்துன்னு அஞ்சு மீன் குடுத்துவிட்டீங்களே, நான்தானுங்க வெட்டுனேன். அஞ்சுலயும் பை கிழிஞ்சிருந்துச்சுங்க. உங்க ஊட்டு அக்காகூட என்ன புள்ள இவ்வளவு ரத்தம்னு கேட்டாங்க. நேத்து சாயங்காலமும் மூணு வந்துச்சுங்க. அதுலயும் அப்பிடித்தானுங்க."

ஓவர்சியரின் கை இடுப்பில் சாவிக்கொத்தின்மேல் போயிற்று. அவர் அதைப் பிடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். மேசைமேல் இருந்த காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரத்துக்குள் ஓவர்சியர் வேறு எங்கோ போய்விட்டார்.

குழந்தை வாய் தவறிச் சொல்லிவிட்டது, கடவுள்தான் அதன் வாயில் வந்து உட்கார்ந்தார் என்று லைனில் பல நாள் பேசினார்கள். அம்மா சாகும்வரை அப்படித்தான் நம்பினாள். நான் மறுத்ததில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்: வாய் தவறவில்லை. இருபது வீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்த வீட்டைச் சொன்னால் லைனில் ஒருவருக்கும் சேதம் வராதோ அந்த வீட்டைத்தான் சொன்னேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு யோசிக்கத் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு எனக்குப் பிற்காலத்திலும் நிறைய உதவியது.

மேனேஜருக்கு அந்த மீன் என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும். தலையையும் தோலையும் உப்பில் போட்டு, வாழைச்சருகில் கட்டி, ஒரு கடிதமும் எழுதி, மறுநாள் என்னையும் அப்பாவையும் ஊட்டியில் இருக்கும் மீன் ஆபீசுக்கு அனுப்பினார். சதையை அன்றே குழம்பு வைத்தாயிற்று. லைன் முழுக்க ஆளுக்கு ஒரு துண்டு. குஷ்டம் என்றவள் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, அந்த ரெண்டு தோட்டாவை ஓவர்சியர்தான் எடுத்தாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும் அம்மிணி. அவரு எடுத்துக் குடுன்னாரு. எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"அப்பறம் ஏனுங்க சொல்லலே?"

"சொன்னா ஆரு நம்புவா?"

அலுவலகத்தில் அவர் வாய் திறக்காமல் நின்றதைத் தைரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கு அன்று கோபத்தைத் தந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவருக்குக் கழுத்தைத் திருப்பிப் பழக்கம் இல்லை என்பது இப்போது புரிகிறது. புரிந்தாலும் கோபம் முழுக்கப் போகவில்லை.

மீன் ஆபீசர் ஒல்லியான இளைஞர். உப்பைத் தட்டிவிட்டுத் தோலைப் பார்த்தவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தொண்டைக்குள் விரலை விட்டு அரைக்கிற பல்லைத் தடவினார். மீசையை எண்ணினார்: இரண்டு ஜோடி. "கண்ணாடிக் கெண்டை" என்றார். சீமைக் கெண்டையில் ஒரு வகையாம். பிறக்கும்போதே செதில் அவ்வளவுதானாம். இருக்கிற செதில் கண்ணாடி மாதிரிப் பெரிதாக மின்னுவதால் அந்தப் பெயராம். சில வருடங்களுக்கு முன்பு குஞ்சாகத் தண்ணீரில் விட்டார்களாம். இவ்வளவு பெரிதாக வளர்ந்து ஒருவர் கையில் கிடைத்ததை அவர் இப்போதுதான் பார்க்கிறாராம்.

"வலையா?" என்று கேட்டார்.

"தூண்டிலுங்க" என்றார் அப்பா.

"தூண்டில்லயா! கில்லாடிய்யா நீர்!" என்று அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார், முத்திரை குத்தினார். "உங்க மேனேஜர் கேட்டிருக்கார், குடுங்க."

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், தலைப்பாகையில் வைத்தார், மறுபடியும் எடுத்தார். திரும்புகிற பஸ்ஸில் லவ்டேல் தாண்டியதும் என்னிடம் நீட்டினார்.

"படி அம்மிணி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கண்ணாடிக் கெண்டை. தூண்டிலில் பிடிபட்டது. பிடித்தவர்..." அதற்குப் பிறகு அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுசாக இருந்தது.

"இன்னொருக்கா படி."

படித்தேன். கண்டக்டர் வந்து, "என்னங்க, ஏதாச்சும் பரிசு உழுந்திருச்சுங்களா?" என்றார். முகாமில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத என் அப்பா, பஸ்ஸின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் புடிச்ச மீனுக்கு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குதுங்க. தூண்டில்ல புடிச்சதுன்னு எழுதியிருக்குதுங்க. என்ற மக படிப்பா, எல்லாரும் கேளுங்க. அம்மிணி, பின்னால இருக்கறவிகளுக்கும் கேக்கோணும். சத்தமாப் படி!"

கடைசி வரிசையில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த படகர் பாட்டிமார்வரை கேட்கும்படி படித்தேன். அன்றிலிருந்து நான் மெதுவாகப் பேசியதில்லை.